பெயர் தெரியாத பாசி: பவளத் தொட்டிக்குப் புதியவர்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் பவளமும் மீனும் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியோடு கடைக்குப் போகிறார்கள்: "பாறையில் ஏதோ வளர்கிறது, இதற்கு என்ன மருந்து?" கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அதை ஊற்றிய பிறகுதான், வந்தது என்ன என்ற விசாரணையே தொடங்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

காரணம் எளிது. மணலில் பழுப்பாக ஒரு படலம் தெரிந்தால் அது டயாட்டமாக இருக்கலாம், சயனோபாக்டீரியாவாக இருக்கலாம், டைனோஃபிளாஜெல்லேட்டாகவும் (சுருக்கமாக டைனோ) இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு நுண்ணுயிர்கள். முதலாவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாவதை உறிஞ்சி எடுத்து நீரோட்டத்தைக் கூட்ட வேண்டும். மூன்றாவதற்கோ தண்ணீரில் சத்தை, அதாவது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும், கூட்ட வேண்டும், ஆம், கூட்டத்தான் வேண்டும். "பாசி வந்துவிட்டது, சத்தைக் குறை" என்ற பொது அறிவுரையை டைனோ வந்த தொட்டியில் பின்பற்றினால் நோய்க்கு விருந்து வைத்ததாக ஆகும்.

முதலில், தொட வேண்டாதவற்றை ஒதுக்கிவிடுவோம். பாறையில் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ நகத்தால் சுரண்டினாலும் வராத கெட்டியான ஓடு படர்ந்தால், அது கோரலைன் பாசி. பவளத் தொட்டிக்காரர்கள் காசு கொடுத்தாவது வளர்க்க நினைப்பது. புதியவர்கள் சிலர் அதை டூத்பிரஷ் வைத்துத் தேய்ப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பச்சை வில்லைகளைக் கோத்தது போல நிற்கும் ஹாலிமீடா சுண்ணாம்பு சேர்க்கும் பாசி, அதுவும் சாது. விரல் நுனி அளவில் பச்சைக் கம்பளிப்புழு மாதிரி செங்குத்தாக நிற்கும் நியோமெரிஸ் தானாக வரும், தானாகப் போகும். இந்த மூன்றும் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள்

பவளத் தொட்டி விளக்குகள் பெரும்பாலும் நீலத்தில் எரிபவை. நீலத்தின் கீழ் அடர்சிவப்பு கருப்பாகத் தெரியும். பழுப்பும் பச்சையும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை நான்கு பேருக்கு அனுப்பினால் நான்கு பெயர் வரும், நான்கும் தவறாக இருக்கும். விளக்கை வெள்ளைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

அதே நாளில் இரண்டு முறை படம் எடுப்பது அவசியம். ஒன்று காலையில் விளக்கு எரியும் முன். இன்னொன்று விளக்கு எரிந்து ஐந்தாறு மணி நேரம் கழித்து. இரண்டும் ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் இருக்கட்டும். இந்த இரண்டு படங்களும் சொல்லும் செய்தியை எந்த டெஸ்ட் கிட்டும் சொல்லாது.

ஒரு கிள்ளு எடுத்துக் கிண்ணத்தில் போடுங்கள்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பொத்தான் போல விரியும் சோவாந்திட் வகைப் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு; கையில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் ஆபத்து. பம்புகளை நிறுத்துங்கள், இல்லையென்றால் பிடுங்கும்போது சிதறுவது தொட்டி முழுவதும் விதைப்பாகிவிடும். இடுக்கியால் அடியோடு ஒரு கிள்ளு எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போடுங்கள்.

எடுக்கும்போதே பாதி பதில் கையில் கிடைக்கும். துணி விரிப்பைப் போலத் தகடாக உரிந்து வருகிறதா? சளி போல இழுபட்டு நூலாக நீள்கிறதா? ஊதினாலே தூசியாகப் பறக்கிறதா? வேர் போன்ற பிடிப்போடு பாறையின் துணுக்கையும் சேர்த்துக்கொண்டு வருகிறதா? மண்டபம், இராமேசுவரம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது, கஞ்சிப்பாசி எது என்று பார்த்ததும் தெரியும். கையில் எடுத்துப் பழகுவதுதான் அதற்கு வழி. நம் தொட்டிக்கும் அதே வழிதான்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தாலே பாதிப் பாசிகளை அடையாளம் கண்டுவிடலாம். பழுப்புப் படலத்துக்கு மட்டும் நுண்ணோக்கி வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும், 400 மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரண நுண்ணோக்கி போதுமானது. தொட்டிக்குச் செலவழிக்கும் தொகையில் அது ஒரு சிறு துளிதான், ஊகத்தில் வாங்கும் பாட்டில்களைவிட மலிவு.

பழுப்புப் படலம்: மூவரில் யார்?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

டயாட்டம் என்றால், தொட்டி புதிது. கண்ணாடியிலும் மணலிலும் பொன்பழுப்பு நிறத்தில் மாவு தூவியது போல இருக்கும். விரலால் தடவினால் சட்டென்று போய்விடும். குமிழி அதிகம் இருக்காது, நூலாக நீளாது. நுண்ணோக்கியில் படகு வடிவத்தில், கண்ணாடி ஓட்டோடு, மெல்ல வழுக்கிக்கொண்டு போகும். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. தண்ணீரிலும் புதுப் பாறையிலும் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் வந்த வழியே போய்விடும். சில வாரங்கள் பொறுத்தால் போதும். பல மாதம் ஆகியும் போகவில்லை என்றால் நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

சயனோபாக்டீரியா பாசியே அல்ல, பாக்டீரியா. ஒளிச்சேர்க்கை செய்வதால் பாசியோடு சேர்த்துப் பேசுகிறோம். நிறம் பெரும்பாலும் அடர்சிவப்பு. கருநீலம், கரும்பச்சை, பழுப்பு என்றும் வரும். அடையாளம் நிறத்தில் இல்லை, உரியும் விதத்தில் இருக்கிறது: ஓரத்தைக் கிளப்பினால் பாய் சுருட்டுவது போல ஒரே தகடாக வரும். அடியில் வாயுக் குமிழிகள் சிக்கியிருக்கும். கிண்ணத்தில் எடுத்து முகர்ந்தால் சேற்று நாற்றம் அடிக்கும். நீரோட்டம் எட்டாத மூலைகளில், மணலில், பாறையின் மறைவான பக்கத்தில்தான் முதலில் படரும். நுண்ணோக்கியில் மெல்லிய இழைகள், குறுக்கே கோடு போட்டது போல, சில இழைகள் தானாகவே நகரும்.

டைனோஃபிளாஜெல்லேட்டுகள் மூன்றில் மோசமானவை. பழுப்பு நிறச் சளி, நூல் நூலாக மேல்நோக்கி இழுபட்டு, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு காற்றுக் குமிழி. மதியத்தில் அசிங்கமாக இருக்கும் மணல், மறுநாள் காலை விளக்கு எரியும் முன் சுத்தமாகத் தெரியும். மறுபடி மதியத்துக்குள் பழைய நிலை. எடுத்து வைத்த இரண்டு படங்களும் இங்கேதான் கைகொடுக்கும். நத்தைகள் காரணமில்லாமல் மயங்கி விழுந்தால், சாவு வரத் தொடங்கினால், சந்தேகம் வலுக்கிறது.

நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு மூடியுள்ள சிறு பாட்டிலில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தண்ணீரில் மறுபடி நூலும் சளியும் திரண்டால் டைனோதான். தாளைத் தாண்டி வந்த தனித்தனிச் செல்கள் ஒன்றுகூடியிருக்கின்றன. திரளவில்லை என்றால் டைனோ இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மணலிலேயே தங்கும் சில வகைகள் இந்தச் சோதனையில் சிக்குவதில்லை.

டைனோ என்று உறுதியானால்

பெரும்பாலும் இது மிகச் சுத்தமான தொட்டிகளில் வருவது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டும் தொட்டியில், போட்டிக்கு நிற்க வேண்டிய பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் சுருங்கிவிட, காலியான இடத்தை டைனோ எடுத்துக்கொள்கிறது. புதிய, உயிர் எதுவும் ஒட்டியிராத உலர் பாறையால் கட்டிய தொட்டிகளில் இது அதிகம். பூஜ்யத்தைச் சாதனையாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி.

பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை வெளியே எடுங்கள். தண்ணீர் மாற்றுவதைச் சிறிது காலம் நிறுத்துங்கள். மீனுக்கு உணவைக் கூட்டுங்கள். நைட்ரேட்டை லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டை 0.1 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது இலக்கு. உணவால் மட்டும் ஏறவில்லை என்றால் அதற்கென விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பாஸ்பேட்டைத் தினமும் அளக்க வேண்டியிருக்கும். உலர் பாறை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இன்று ஊற்றியது நாளை பூஜ்யம் காட்டும். நச்சை உறிஞ்ச, வடிகட்டியில் வைக்கும் ஆக்டிவேட்டட் கரி போட்டு வையுங்கள்.

இதற்குமேல் எந்த டைனோ என்று தெரிந்தாக வேண்டும். நுண்ணோக்கியில் கண்ணீர்த்துளி வடிவத்தில், கூரான முனை எதிலோ கட்டிப்போட்டது போல அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தால் ஆஸ்ட்ரியோப்சிஸ். இது இரவில் தண்ணீரில் மிதக்க எழும். அந்த நேரத்தில், ஓடும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிரைப் புற ஊதா ஒளியால் கொல்லும் யூவி விளக்கு அதைப் பிடிக்கும். யூவியைச் சம்பில் (காட்சித் தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் இருக்கும் துணைத் தொட்டியில்) மாட்டாமல் காட்சித் தொட்டியின் தண்ணீரே நேராகப் போய்வரும்படி மாட்டுங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்து வைத்தால் இன்னும் வேகம். நீள்வட்டமாக, மணலிலேயே வழுக்கித் திரிந்தால் ஆம்ஃபிடினியம். அது மிதக்காது, யூவிக்கும் கவலைப்படாது. அதற்குச் சிலிக்கேட் ஊற்றி டயாட்டத்தை வளர்த்துப் போட்டிக்கு விடுவதுதான் தொட்டிக்காரர்கள் கண்டுபிடித்த வழி. ஒரு பழுப்பை விரட்ட இன்னொரு பழுப்பை அழைக்கும் இந்த வைத்தியத்தை வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்குவது தனிச் சிரமம்.

ஓர் எச்சரிக்கை. 2005 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் ஆஸ்ட்ரியோப்சிஸ் பெருகியபோது, கடல் திவலையைச் சுவாசித்த சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவ உதவி நாடினார்கள். வீட்டுத் தொட்டி அந்த அளவு இல்லைதான். ஆனாலும் டைனோ படிந்த பாறையை வெளியே எடுத்துக் காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்ப்பது, மூடிய அறையில் சுடுதண்ணீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம்.

சயனோவுக்கு வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். சிறு குழாயால் தகடு தகடாக உறிஞ்சி வெளியே எடுங்கள். அப்படியே தண்ணீரும் மாறிவிடும். நீரோட்டம் தரும் சிறு பம்பான பவர்ஹெட்டின் முகத்தை அந்த மூலைப் பக்கம் திருப்புங்கள். உறைந்த உணவை அப்படியே போடாமல், வலையில் வைத்து அலசி, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். நைட்ரேட் பூஜ்யமாக இருந்தால் அதைச் சற்று உயர்த்துங்கள். காற்றில் உள்ள நைட்ரஜனையே பிடித்து வாழும் சயனோ வகைகள் உண்டு, நைட்ரேட் இல்லாத தொட்டி மற்றவற்றுக்குத்தான் பஞ்சம். எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊற்றினால் இரண்டே நாளில் தொட்டி பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. காரணம் மாறாததால் திரும்பி வரும் என்பதும் உண்மை. அழுகும் தகடுகள் ஆக்சிஜனைத் தின்பதால் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டிய சங்கடம் வேறு. என் பரிந்துரையில் அதற்கு இடமில்லை.

பச்சை மயிர்: இறகா, இழையா?

பச்சையாக மயிர் போல எது வளர்ந்தாலும் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். கிண்ணத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று நான்கு வேறு பாசிகள் தெரியும்.

நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் வரிசையாகக் கிளை, ஒரு குட்டி இறகு: பிரையாப்சிஸ். கிளையில்லாத, மிக மெல்லிய இழைகள், தண்ணீரிலிருந்து தூக்கியதும் கூழாகச் சரிந்துவிடுகின்றன: டெர்பீசியா. கிளை விட்ட, கொஞ்சம் முரட்டு இழை, குறுக்குச் சுவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன: கிளாடோஃபோரா. தூண்டில் நரம்பு போன்ற விறைப்பான இழை, எதிலும் ஒட்டாமல் சுருண்டு கிடக்கிறது: கீட்டோமார்ஃபா. கடைசியாகச் சொன்னதைத் தூக்கி எறியாதீர்கள். சம்பில் விளக்கு போட்டு வளர்த்தால் அதுவே நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும்.

டெர்பீசியாவுக்கு நடுவே ஒரு சிறு பச்சை முத்து தெரிந்தால் உடனே குமிழ்ப்பாசி வந்துவிட்டது என்று அலறவும் வேண்டாம். ஹாலிசிஸ்டிஸ் என்று தனிப் பாசியாகக் கருதப்பட்டு வந்த உருண்டை, டெர்பீசியாவின் வாழ்க்கைச் சுழற்சியில் வரும் இன்னொரு பருவமே என்று ஜெர்மானிய ஆய்வாளர் பீட்டர் கோர்ன்மன் 1938இல் வளர்த்துக் காட்டினார். தாவரவியலாளர்களே அதுவரை இரண்டு பெயர் வைத்திருந்தார்கள், நாம் குழம்புவதில் வியப்பில்லை.

டெர்பீசியாவும் கிளாடோஃபோராவும் கையால் பிடுங்கி, நத்தை விட்டு, சத்தைக் கட்டுப்படுத்தினால் படிப்படியாகக் குறையும். பாறையை வெளியே எடுக்க முடிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல ஆயுதம். இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் கணக்கெல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு. இந்திய மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 6 சதவீதம்; லேபிளில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். பாசி உள்ள இடத்தில் மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சால் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் நுரைக்க விட்டு, வேறொரு வாளியில் உள்ள தொட்டித் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பாசி வெளுக்கும். படும் இடத்தில் கோரலைனும் சாகும். பெராக்சைடைத் தொட்டிக்குள் நேராக ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. உள்ளே கிளீனர் இறால் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது தாங்காது.

பிரையாப்சிஸ் விஷயம் வேறு. பெரும்பாலான நத்தைகளும் மீன்களும் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பிடுங்கினால் பாறைத் துளையில் மிஞ்சிய அடியிலிருந்து மறுபடி முளைக்கும். முன்பு மக்னீசியத்தை லிட்டருக்கு 1600 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றி அதை விரட்டினார்கள். இப்போது பரவலாக இருப்பது ஃப்ளூகோனசோல். மனிதர்களுக்கான பூஞ்சை மருந்துதான். மருத்துவர் சீட்டில் கிடைக்கும் மருந்து என்பதையும் மறக்க வேண்டாம். அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். கணக்கில் எடுக்க வேண்டியது தொட்டியின் கொள்ளளவை அல்ல, உள்ளே உண்மையில் இருக்கும் தண்ணீரை. 200 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக 160 லிட்டர்தான் தண்ணீர் என்றால் 800 மில்லிகிராம் வேண்டும், 150 மில்லிகிராம் மாத்திரையில் ஐந்து போட்டால் ஏறக்குறைய சரி. பொடித்து, ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். கரியை எடுத்துவிட வேண்டும், யூவியை அணைக்க வேண்டும். முதல் வாரம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு முறை போட்டுவிடாதீர்கள். அதன் பிறகு பச்சை வெளிறிச் சாம்பலாகும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தண்ணீர் மாற்றி, கரி போட்டு முடியுங்கள். சாகும் பாசி உறிஞ்சி வைத்த சத்தெல்லாம் தண்ணீருக்குத் திரும்பும் என்பதால் பெருமளவு பாசியைக் கையால் பிடுங்கிய பிறகே மருந்து. டெர்பீசியாவும் இதற்குப் படியும். சயனோ, டைனோ படியாது.

கோடையில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சாகும் பாசி, ஏறிய வெப்பம், நடுவில் ஒரு மின்வெட்டு மூன்றும் சேர்ந்தால் விடிவதற்குள் மீன்கள் போய்விடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அருகில் இருக்கட்டும்.

குமிழ், கம்பி, நாடா

குமிழ்ப்பாசி என்பது வலோனியா. பளபளக்கும் பச்சை முத்து ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல், கோலிக்குண்டு அளவுக்கும் வளரும். உடைத்தால் உள்ளிருந்து குட்டிகள் சிதறிப் பரவும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. முற்றிய குமிழுக்குள்ளேயே குட்டி உருண்டைகள் உருவாகின்றன. பாறையை வெளியே எடுத்து, தட்டை முனைத் திருப்புளியால் அடியோடு நெம்புங்கள். வெளியே எடுக்க முடியாவிட்டால், உறிஞ்சும் குழாயின் வாயைக் குமிழ்மேல் வைத்துக்கொண்டே நெம்புங்கள். எமரால்டு நண்டு சின்னக் குமிழ்களைத் தின்னும்; தின்னாத நண்டும் உண்டு, அது நண்டின் மனநிலை.

கருஞ்சிவப்பில் குட்டையாகக் கம்பி போல நிற்கும் புல்பாசி குரங்குப்பிடியாகப் பாறையைப் பிடித்திருக்கும். கையால் ஆவதில்லை, கடல் முள்ளெலி ஒன்றை விட்டால் பாறையின் மேல்தோலோடு சேர்த்து மேயும். கவைகவையாகப் பிரியும் பழுப்பு நாடா டிக்டியோட்டா, ஓடு போட்டது போல அடுக்கடுக்காக விரியும் பழுப்பு விசிறி லோபோஃபோரா. இரண்டும் துணுக்கிலிருந்தே வளரும், ஆகவே பிய்க்கும்போதே உறிஞ்சிவிடுங்கள்.

தரையோடு ஓடும் தண்டு, அதிலிருந்து கீழே வேர் போன்ற பிடிப்புகள், மேலே இலையோ திராட்சைக் குலையோ போன்ற பச்சை: காலெர்பா. பார்க்க அழகாக இருக்கும், அதனால்தான் பலர் விட்டுவைக்கிறார்கள். ஒரு நாள் அது இனப்பெருக்கத்துக்கு முனைந்தால் உடல் முழுவதும் வெளுத்து, தொட்டித் தண்ணீரைப் பால் போலக் கலக்கிவிட்டுச் செத்துப்போகும். வேண்டும் என்றால் சம்பில் மட்டும், அடிக்கடி கத்தரித்துக்கொண்டு.

தண்ணீரை அளக்கும்போது

எந்தப் பாசி என்று தெரிந்த பிறகு, ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். அநேகமாக விடை நீங்கள் ஊற்றும் தண்ணீரில் இருக்கும். போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கூடவே கூடாது. கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ இயந்திரத் தண்ணீரும் குடிக்க நல்லவை, தொட்டிக்கு அல்ல. பல வீட்டு இயந்திரங்கள் சுவைக்காகவே கொஞ்சம் உப்பைத் திரும்பக் கலக்கின்றன. ஆர்ஓவுக்கு அடுத்து, மிஞ்சிய உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழாயும் உள்ள கருவியின் தண்ணீர் வேண்டும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்றுங்கள். தீரும் தறுவாயில் இருக்கும் ரெசின், பிடித்து வைத்த சிலிக்கேட்டை முதலில் விட்டுவிடும்.

பாஸ்பேட் கிட்டில் பூஜ்யம் வந்தால் பாசிக்கு உணவில்லை என்று அர்த்தமல்ல. செழித்த மயிர்ப்பாசி, தண்ணீரில் விழும் பாஸ்பேட்டை உடனுக்குடன் விழுங்கிவிடும். கிட் மிச்சத்தை மட்டுமே காட்டும். பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில்) காட்டும் டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை 3.066ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் லிட்டருக்கு ஏறக்குறைய 0.06 மில்லிகிராம், நல்ல அளவு. 0.3, 0.4 என்று இருந்தால் குறைக்கலாம், ஆனால் வாரக்கணக்கில். ஒரே இரவில் இறக்கினால் பாசிக்கு முன் பவளம் வெளுக்கும்.

விளக்கு எட்டு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டியதில்லை. ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் நாள் முழுக்கக் கவனியுங்கள். டைமரைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் சூரியனை மறந்துவிடுகிறார்கள்.

தின்பவர்கள்

டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகள் பாறையையும் கண்ணாடியையும் மேயும். செரித் நத்தை மணலையும் பார்க்கும். நசாரியஸ் நத்தை பாசி தின்னாது, மிஞ்சிய இறைச்சியைத்தான் தின்னும். பாசிக்கென்று அதை விற்றால் வாங்காதீர்கள். டாங் மீன்கள் இழைப்பாசியை ஆசையாகத் தின்னும், ஆனால் நீந்த நீளம் வேண்டும்; மூன்றடித் தொட்டியில் அடைப்பது பாவம். ஒரே நாளில் ஐம்பது நத்தை வாங்கி விட்டால் பாசி தீர்ந்ததும் அவை பட்டினியில் சாகும், செத்த நத்தையே அடுத்த பாசிக்கு உரம். பத்தில் தொடங்குங்கள்.

மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டை நல்லது என்று படித்துவிட்டுக் கடற்கரையில் தேடிப் போகாதீர்கள். கடல் அட்டைகளும் கல் பவளங்களும் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம்தான்.

பிடுங்கியதை எங்கே போடுவது?

சாக்கடையில், கால்வாயில், கடலில் போடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் உயிரியல் பூங்காவில் காட்சித் தொட்டிகளுக்காக வளர்க்கப்பட்ட காலெர்பா டாக்சிஃபோலியா, 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. அதன் பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவி, இன்றுவரை அகற்ற முடியவில்லை. அதே பாசி 2000 ஜூனில் கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே ஒரு கழிமுகத்தில் முளைத்தது. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டு போராடி, 70 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ஒழித்தார்கள். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு: உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் காராஜீனன் எடுப்பதற்காகப் பயிரிடப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி, வளர்த்த இடத்திலிருந்து நழுவி, மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள்.

ஆகவே பிடுங்கியதை ஒரு தட்டில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் நொறுங்கும்வரை காய வையுங்கள். பிறகு குப்பையில் போடலாம். உறிஞ்சி எடுத்த தண்ணீரில் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு நாள் வைத்திருந்து கொட்டுங்கள். பயன்படுத்திய வலை, இடுக்கி, வாளி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் காய்ந்த பின்பே அடுத்த தொட்டிக்கு எடுத்துப் போங்கள். நண்பர் பவளத் துண்டு கொடுத்தால் அதன் அடிக்கல்லைத் தனி வாளியில் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்து, முடிந்தால் அந்தக் கல்லை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கல்லில் ஒட்டிய பிறகே தொட்டியில் இறக்குங்கள். பிரையாப்சிஸும் வலோனியாவும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன.